காரில் வழிகாட்ட: தனிக் கருவியா, கைபேசியா?
சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகள் வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டே இரண்டும் இருப்பிடத்தைக் கணிக்கின்றன. வேறுபாடு தொடக்கத்திலேயே தெரியும்: விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் வரும் சுற்றுப்பாதைத் தகவலைச் சாதாரணத் தனிக் கருவி வானிலிருந்தே பெற வேண்டியிருப்பதால், நெடுநாள் அணைத்து வைத்திருந்தால் அரை நிமிடமோ அதற்கு மேலோ தாமதிக்கும், கைபேசியோ அதை இணையம் வழியே நொடிகளில் பெற்றுவிடும். நெரிசலைக் கண்டு மாற்றுவழி சொல்வதிலும் கைபேசியே முந்துகிறது. டவர் கிடைக்காத மலைப்பாதையில், வரைபடம் முழுவதையும் நினைவகத்திலேயே வைத்திருக்கும் தனிக் கருவி தடுமாறாது. ஆனால், வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொண்டால் கைபேசியின் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடும் என்பதால், நகரவாசிக்குத் தனிக் கருவி வீண்செலவு என்பதே என் கருத்து. உச்சிவெயிலில் முன்கண்ணாடியருகே சூடேறித் திரை மங்குவது மட்டும் கைபேசியின் தீராத தொல்லை.