எம்பிவியா, தார் ரோடா, இல்ல நடந்தே போறதா?

சத்தீஸ்கர்ல மாவோயிஸ்டுங்க நடமாடுற பஸ்தர் காட்டுப் பக்கம் போலீஸ்காரங்க உயிர காப்பாத்த காசு ஒதுக்கணும்னு பேச்சு வந்தாலே மொதல்ல எம்பிவி, அதாவது கண்ணிவெடி தாங்குற வண்டிதான் எல்லார் வாயிலயும் வரும். தெலங்கானா மேடக் ஃபேக்டரில செய்ற ஆதித்யாங்கிற எம்பிவிக்கு மூலம் தென்னாப்பிரிக்காவோட கேஸ்பிர், அது அந்த ஊர் போலீஸுக்குன்னே பண்ணது. அடிப்பாகம் படகு மாதிரி சரிஞ்சிருக்கும், வெடிச்சா அதிர்ச்சி ரெண்டு பக்கமும் ஒதுங்கிடும், அந்த கேஸ்பிர் சக்கரத்துக்கு கீழன்னா 21 கிலோ, வயித்துக்கு கீழன்னா 14 கிலோ டிஎன்டி வெடிமருந்து வரைக்கும் தாங்கும். ஆனா மாவோயிஸ்டுங்க புதைக்கிறது 40, 50 கிலோங்க! 2012ல ஜார்க்கண்ட் கட்வால இப்படி ஒரு வண்டி சிக்கி 13 போலீஸ் போயிட்டாங்க. அப்போ சிஆர்பிஎஃப் தலைவரா இருந்தவர் நம்ம வீரப்பன் ஆபரேஷன் விஜயகுமார், அவரே இத சக்கரம் வச்ச சவப்பெட்டின்னு சொல்லிட்டாரு.

சரி, அப்போ சாதா வண்டில போலாமா? அது இன்னும் மோசம். அதே சத்தீஸ்கர்ல 2023 ஏப்ரல்ல அரன்பூர்ல வேன்ல வந்த 10 போலீஸும் டிரைவரும் செத்தாங்க, 2025 ஜனவரில பீஜாப்பூர்ல 8 பேரும் டிரைவரும்.

ரோடு போடுறது அடுத்த வழி. 2016ல மத்திய அரசு 5,412 கிலோமீட்டருக்கு சுமார் 11,725 கோடி ஒதுக்குச்சு, மத்திய அரசு 60, மாநிலம் 40 பங்கு. தார் போட்டா தோண்ட முடியாதுன்னு கணக்கு, ஆனா ரோட்டோரமா பொந்து குடைஞ்சு தாருக்கு அடில வச்சிடறாங்களே. இருந்தாலும் ஆம்புலன்ஸும் ரேஷன் லாரியும் அதே ரோட்டுலதான போகும், அதனால இந்த செலவ நான் குறை சொல்ல மாட்டேன்.

2019 புல்வாமா குண்டு தாக்குதலுக்கு அப்புறம் காஷ்மீர்ல ஜவான்கள ஃப்ளைட்ல அனுப்ப ஒத்துக்கிட்டாங்க, நல்லதுதான், ஆனா காட்டுக்குள்ள தினசரி ரோந்துக்கு அது எங்க ஒத்துவரும்.

என் ஓட்டு நடைக்கும் பைக்குக்கும்தான். ஒரே வெடில பத்து பேர் போக மாட்டாங்க, ரோடு கிளியர் பண்ற டீம் முன்னாடி நடக்கணும், மோப்ப நாய், டிடெக்டர் எல்லாம் வேணும், இதுக்கெல்லாம் ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க முடியாதுங்கிறது வேற விஷயம். கால் வச்சா வெடிக்கிற கண்ணிவெடிக்கு இதுலயும் பயம் இருக்கு, மறுக்கல. ஆனா அப்படி ஒருத்தன் அடிபட்டா துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவுல அவன தூக்கிட்டு வர எம்பிவி மாதிரி ஒண்ணு வேணும், அதுக்குன்னு கேம்புக்கு ஒண்ணு ரெண்டு நிறுத்தி வைங்க, மொத்த ஆளையும் அதுல அடைச்சு ரோந்துக்கு அனுப்பாதீங்க.