ரிம் மாத்தப் போறீங்களா? பழைய ரிம்மைக் கடையில் விட்டுட்டு வராதீங்க

கடையின் பெயரைப் போடப்போவதில்லை. மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில், மெயின் ரோட்டில், வாசலில் ரிம் அடுக்கி வைத்திருக்கும் கடைகளில் ஒன்று. அவ்வளவுதான் சொல்வேன்.

என்னுடையது ஹொண்டா சிஆர்-இசட். அது ஹைபிரிட், ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லக்கூடாது என்று மச்சான்மார் சண்டைக்கு வருவார்கள். இரண்டு கதவு, ஆறு கியர் மெனுவல், நிலத்தோடு ஒட்டின இருக்கை. எனக்கு அது போதும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து, புதுசு வாங்கும் யோசனையை விட்டுவிட்டு உள்ளதை அழகாக்குவோம் என்ற எண்ணம் வந்தது. 2025இல் இறக்குமதி திறந்தபோது விலையைக் கேட்டதும் அந்த எண்ணம் இன்னும் உறுதியானது.

காருக்குக் கொம்பனி போட்டது 16 அங்குல ரிம், 195/55 டயர். மட்கார்ட்டுக்குள் சில்லு ஒடுங்கிப்போய் நிற்கும், பார்க்க எடுப்பாயிராது. கடைக்காரர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “தம்பி, 17 இஞ்சி போடுங்க. எட்டு இஞ்சி அகலம். ஜப்பான் சாமான். கொழும்புல இந்தக் காருக்கு எல்லாரும் இதத்தான் போடுறாங்க.” உரசாதா என்று கேட்டேன். “பூட்டினா முடிஞ்சு. அஞ்சு நட், அதே பிசிடி.”

பிசிடி, அதாவது நட் ஓட்டைகள் நிற்கிற வட்டத்தின் விட்டம், சரிதான், அதில் பொய் இல்லை. ஐந்து நட், 114.3 மில்லிமீற்றர். அந்த ஒரு நம்பரைக் காட்டித்தான் மற்ற எல்லா நம்பரையும் மறைத்தார்.

ரிம், டயர் எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 40 ஆயிரம். என்னுடைய பழைய ரிம் நான்கையும் டயரோடு 40 ஆயிரத்துக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை வாங்கினார். பில்லில் எழுதியது “ரிம் டயர் செட் 1”. பின்னேர வெயிலில் கார் மினுங்கிக்கொண்டு நின்றதில் நான் பில்லைப் பார்க்கவேயில்லை.

முதல் கிழமை தனியாகத்தான் ஓடினேன். ஸ்டியரிங்கை முழுக்கக் கிறுக்கினால் மட்டும் ஒரு சத்தம், புதுசு என்று விட்டுவிட்டேன். பிறகு மருமகன்மார் ரெண்டு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மாமாங்கம் போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் ‘கிர்ர்ர்’ என்று இறைச்சி அரைக்கிற சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் டயரின் தோளில் சுற்றிவர ஒரு கோடு, மட்கார்ட் விளிம்பில் பெயின்ட் போய்த் தகரம் தெரிகிறது.

அன்று இரவுதான் கணக்குப் போட்டேன். பூட்டியிருந்த டயர் 225/50, 17. முதல் நம்பர் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை வீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. பக்கச்சுவரை இரண்டால் பெருக்கி, ரிம் அளவை மில்லிமீற்றராக்கிக் கூட்டினால் முழு உயரம். கொம்பனி டயர் 621 மில்லிமீற்றர். இது 657. கிட்டத்தட்ட 6 வீதம் கூட. மீட்டரில் 70 காட்டும்போது முன்னையதைவிட 4 கிலோமீற்றர் வேகமாகப் போய்க்கொண்டிருப்பேன். பொலிஸ்காரரின் கருவிக்கு என் மீட்டரைப் பற்றிக் கவலையில்லை. 17 அங்குலம்தான் வேண்டும் என்றால் 205/45 போட்டால் 616, 215/45 போட்டால் 625. இரண்டும் உயரத்தில் பழையதோடு ஒத்துப்போகும். 225/50 பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் மாதிரிப் பெரிய கார்களுக்கு வருகிற சைஸ். கடையில் தேங்கிக் கிடந்ததை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

டயர் உயரம் பாதிக் கதைதான். ரிம்மின் பின்பக்கம், வார்ப்பிலேயே 17×8, +30 என்று இருந்தது. என் பழையது 16×6, +45. அந்தக் கடைசி நம்பர் ஓப்செட்: ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (சில்லைப் பூட்டுகிற நடுப்பகுதியில்) ஒட்டும் முகம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்பது. அது குறையக் குறைய சில்லு வெளியே வரும். அகலம் இரண்டு அங்குலம் கூடியதில் பாதி வெளிப்பக்கம், அது 25; ஓப்செட் குறைந்ததில் 15. ஆகமொத்தம் ஒவ்வொரு சில்லும் 40 மில்லிமீற்றர் வெளியே. இரண்டு விரலை மட்கார்ட்டில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு என்று தெரியும்.

கடைக்குப் போனேன். “பின்னால ஆள ஏத்தாதீங்க தம்பி, இது ஸ்போர்ட்ஸ் கார்தானே” என்றார். பிறகு, “மட்கார்ட் விளிம்ப உள்ளுக்கு அடிச்சு விட்டாச் சரி, 15 ஆயிரம் வரும்.” என் பழைய ரிம்மைத் திருப்பித் தாங்க என்றேன். “அது அண்டைக்கே போயிட்டு.”

இதோடு முடிந்திருந்தால் காசு போனது என்று இருந்திருப்பேன். அடுத்த மாதம் கொழும்புக்கு வெளிக்கிட்டேன். புணானை தாண்டி, ரெண்டு பக்கமும் காடு, ரோட்டு நேர். 80ஐத் தாண்டினதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியது. வெலிக்கந்தைக்குக் கிட்ட முன்னால் இடப்பக்கம் ‘டொக், டொக்’. நிறுத்தி நட்டைத் தொட்டேன். விரலாலேயே சுற்றுப்பட்டது. ஐந்தில் மூன்று அப்படி. ரோட்டோரம் யானைக்குக் கவனம் என்ற பலகைக்குக் கீழே நின்று, வியர்வையோடு வீல் ஸ்பானரைத் தேடினேன்.

இறுக்கிக்கொண்டு, 40இல் ஊர்ந்து செங்கலடி வரைக்கும் திரும்பி வந்தேன். அங்கே ஒரு பழைய மெக்கானிக் பாஸ் இருக்கிறார். நட்டைக் கழற்றினார், பேசவில்லை, என் உள்ளங்கையில் வைத்தார்.

“அடிப்பக்கத்தப் பாரு மனே. எப்படிக் கிடக்கு?”

உருண்டையாக இருந்தது, கோலிக்குண்டை வெட்டி ஒட்டின மாதிரி. அந்த உருண்டையில் நூல் தடிப்பில் ஒரே ஒரு வட்டக்கோடு மட்டும் பளபளத்தது. மற்ற இடமெல்லாம் கறுப்பு.

“ஹொண்டா நட் எண்டா இப்பிடித்தான், குண்டு. இப்ப ரிம் ஓட்டையில விரல விடு.” விட்டேன். புனல் மாதிரிச் சரிவு. “வெளி ரிம்முக்குக் கூம்பு நட் வேணும். குண்டப் புனலுக்க வெச்சா அந்த நூல் அளவுலதான் புடிக்கும். உன்ர சில்லு இவ்வளவு நாளும் அந்த நூலுலதான் நிண்டிருக்கு.”

கடையில் என் பழைய நட்டையே காற்றுத் துப்பாக்கியால் இறுக்கியிருந்தார்கள். புது நட் 20க்கு ஆகிற காசை மிச்சம் பிடித்ததில் என் உயிர் போயிருக்கும். நடுக்கத்துக்குக் காரணம் வேறு: ஹொண்டா ஹப் 64.1 மில்லிமீற்றர், இந்த ரிம்மின் நடு ஓட்டை 73. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போடவேண்டும், போடவில்லை. பாஸ் வளையம் போட்டு, கூம்பு நட் போட்டு, டோர்க் ஸ்பானரால் 108 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கி, நூறு கிலோமீற்றர் ஓடிவிட்டுத் திரும்பவும் வா, இறுக்கிப் பார்ப்போம் என்றார்.

டயரைக் கழற்றியபோதுதான் மிச்சமும் வெளியே வந்தது. தயாரித்த திகதியைச் சொல்லும் நாலு இலக்கம் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்கும். நான்கு டயரிலும் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிப் பூட்டியிருந்தார்கள். ஒன்றில் 2214. 2014ஆம் ஆண்டின் 22ஆவது கிழமை. வெளியே கறுப்பு மை பூசி மினுக்கின டயர், உள்ளே கோடையில் வெடித்த வயல் மாதிரிக் கிடந்தது.

இப்போது 215/45 புது டயர் போட்டிருக்கிறேன். உரசல் குறைந்தது, ஆனால் ஓப்செட் மாறவில்லையே, பின்னால் ஆள் ஏறினால் இன்னும் தொடுகிறது. சரியான ரிம் கிடைக்கும்வரை மருமகன்மார் பஸ்ஸில். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்; விசாரிக்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம். பில்லில் ரிம்மின் அகலம், ஓப்செட், டயர் சைஸ், அந்த நாலு இலக்கம் எல்லாம் எழுதி வாங்கியிருந்தால் என் வேலை எவ்வளவோ இலகு. “ரிம் டயர் செட் 1” என்ற பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

இந்தக் கிழமை கூட்டாளி ஒருவர் அந்தக் கடைப் பக்கம் போயிருக்கிறார். ஒரு மூலையில் சிஆர்-இசட் ரிம் நாலு. ஒன்றில், கல்லடியில் மதகுக் கட்டில் நான் உரசிய அதே கீறல். விலை கேட்டால் 85 ஆயிரமாம். நட் இருக்கா என்று கேட்டதற்கு, “நட்டெல்லாம் ஒண்டுதான் தம்பி, எதையும் போடலாம்” என்று பதில்.

அந்த ரிம்முக்குக் குண்டு நட்தான் வேண்டும். 20ம் என் வீட்டில் பால்மா டின்னில் கிடக்கிறது. அதை வாங்கினவர் யாரென்றாலும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன்.