மைக்ரோசாஃப்ட் அக்சஸ்: க்வெரி அருமை, எக்ஸ்போர்ட்டை மட்டும் நம்பிவிட வேண்டாம்

ஒரே கணினியில் சில ஆயிரம் முதல் சில லட்சம் ரெக்கார்டுகள் வரை கையாள, மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான அக்சஸ் இன்றும் நல்ல கருவி. க்வெரியை, அதாவது டேபிள்களிலிருந்து வேண்டிய தரவை எடுக்கும் கட்டளையை, உருவாக்கும் க்வெரி டிசைனர் அளவுக்கு வேகமாக வேலை முடிக்கும் வசதி வேறு எதிலும் எளிதில் கிடைக்காது. ஆனால் க்வெரியை எக்செலுக்கோ சிஎஸ்விக்கோ (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) அனுப்பும்போது, எந்த எச்சரிக்கையும் தராமல் தரவை வெட்டிவிடுகிறது. அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மிக மோசமானது 255 எழுத்துச் சிக்கல். க்வெரியில் குரூப் பை (வரிகளைத் தொகுப்பது), டிஸ்டிங்க்ட் (ஒரே மாதிரி வரிகளை நீக்குவது), யூனியன் (இரு முடிவுகளைச் சேர்த்து ஒரே மாதிரி வரிகளை நீக்குவது) இவற்றில் ஒன்று இருந்தாலே, நீண்ட உரைக்கான லாங் டெக்ஸ்ட் ஃபீல்டு 255 எழுத்தோடு நின்றுவிடும். ஒரே மாதிரியான வரிகளைக் கண்டுபிடிக்க ஒப்பிட வேண்டும். லாங் டெக்ஸ்டை அந்த அளவு வரைதான் அக்சஸின் இன்ஜின் ஒப்பிடும். யூனியனுக்குப் பதில் யூனியன் ஆல் போட்டால் சரியாகிவிடும். குரூப் பை இருந்தால் அந்த ஃபீல்டுக்கு மட்டும் ஃபர்ஸ்ட் என்று மாற்றலாம். இதைவிட நம்பகமான வழி, முதல் க்வெரியில் ஐடியை மட்டும் குரூப் செய்து, இரண்டாவது க்வெரியில் மூல டேபிளோடு இணைத்து லாங் டெக்ஸ்டை எடுப்பது. ஏனெனில் ஒரு குரூப்புக்குள் வெவ்வேறு குறிப்புகள் இருந்தால் ஃபர்ஸ்ட் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

எக்ஸ்போர்ட் பெட்டியில் ஃபார்மட்டிங், லேஅவுட்டோடு அனுப்பும் டிக்கை எடுத்துவிடுங்கள். அதுவும் சில நேரம் நீண்ட உரையை வெட்டலாம். பெரிய க்வெரியில் 65,000 வரியைத் தாண்டினால் பிழை காட்டி நின்றும்விடும். கோப்பு வகை எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகவே இருக்கட்டும். பழைய எக்ஸ்எல்எஸ் 65,536 வரியோடு முடிந்துவிடும்.

சிஎஸ்வியில் வேறு தொல்லை. டபுள் வகை (தசமத்தோடு சேமிக்கும்) எண்கள் இரண்டு தசமத்தோடு சுருங்கிவிடும். விண்டோஸ் ரீஜன் அமைப்பில் உள்ள தசம எண்ணிக்கையை அது பின்பற்றுகிறது. அட்சரேகை 13.0827 என்பது 13.08 ஆனால் இடம் சுமார் 300 மீட்டர் தள்ளிப்போகும். க்வெரியிலேயே அந்த ஃபீல்டை ஃபார்மட் ஃபங்ஷனுக்குள் வைத்து "0.000000" என்று கொடுங்கள். அப்போது எண் உரையாகிவிடுவதால் சிஎஸ்வியில் மேற்கோள் குறிகளுக்குள் வரும். வாங்கும் மென்பொருள் அதை ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வந்தால் தரவு கெடவில்லை, எழுத்துகளைக் கோப்பில் குறியாக்கும் கோட் பேஜ்தான் தவறு. டெக்ஸ்ட் எக்ஸ்போர்ட் விசார்டில் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்தி, கோட் பேஜை யூனிகோட் யூடிஎஃப்-8 ஆக்கி, இந்த அமைப்புகளை அங்கேயே ஸ்பெசிஃபிகேஷனாகச் சேமியுங்கள். அக்சஸின் நிரல் மொழியான விபிஏவில் ட்ரான்ஸ்ஃபர்டெக்ஸ்ட் கட்டளை எழுதினால் கோட் பேஜ் இடத்தில் 65001.

அந்த ஸ்பெசிஃபிகேஷன் ஃபீல்டு பெயர்களையும் நினைவில் வைத்திருக்கும். பின்னால் க்வெரியில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் 3011 பிழை வந்து, கோப்பையே காணவில்லை என்பதுபோலச் சொல்லும். ஃபோல்டரைத் தேடி அலைய வேண்டாம். ஸ்பெசிஃபிகேஷனை மறுபடி சேமித்தால் போதும்.

எக்ஸ்போர்ட் முடிந்ததும் எக்செலில் நீண்ட உரை உள்ள நெடுவரிசையின் அதிகபட்ச நீளத்தை லென், மேக்ஸ் ஃபங்ஷன்கள் கொண்டு பாருங்கள். சரியாக 255 என்று வந்தால் க்வெரிக்குத் திரும்புங்கள்.