போட்டோ பிரிண்டர் வாங்கப் போறீங்களா? கடையில் காட்டுற சாம்பிள் படத்தை நம்பாதீங்க

தண்டையார்பேட்டையில் ஒரு குடும்பம். பொண்ணோட மஞ்சள் நீராட்டுப் படங்களை வீட்டிலேயே பிரிண்ட் போட்டு ஆல்பம் வைக்கணும்னு, நம்ம வடசென்னைக்குள்ளேயே ஒரு கடையில் போய் "போட்டோ பிரிண்டர்" கேட்டிருக்காங்க. கடைக்காரர் ஒரு நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை எடுத்து நீட்டினார். பஞ்சவர்ணக்கிளி, கறுப்புப் பின்னணி, கண்ணைப் பறிக்கிற கலர். "இந்த மெஷின்ல போட்டதுதான்"னு சொன்னார். வீட்டுக்கு வந்தது நாலு கலர் ஆபீஸ் டேங்க் பிரிண்டர், அதாவது பாட்டில் இங்க்கைத் தொட்டியில் ஊத்தி ஓட்டுற வகை. பெட்டி ஏற்கெனவே பிரிச்சிருந்தது, "இங்க் ஊத்தி ரெடி பண்ணியே கொடுத்துட்டோம்"னு காரணம் சொன்னாங்க. பில்லுக்குப் பதிலா ஒரு எஸ்டிமேட் சீட்டு. கூடவே "270 ஜிஎஸ்எம்"னு பாக்கெட்டில் போட்ட கிளாஸி (பளபளப்பான) பேப்பர். ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்.

படங்களில் முகமெல்லாம் பொடிப்பொடியா புள்ளி, முடி பழுப்பு நிறம். ரெண்டே மாசத்தில் விளக்குகள் மாறி மாறி மின்னி பிரிண்டர் நின்னுபோச்சு. சர்வீஸ் சென்டரில் பார்த்தால் மெஷின் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் தாள் ஓட்டினது, வாரண்டி கிடையாது. கடையில் கேட்டதுக்கு "கொடுக்கும்போது நல்லாத்தானே ஓடுச்சு"ன்னு கையை விரிச்சிட்டாங்க. இதே வித்தை இன்னும் பல வீடுகளில் நடக்கக் கூடாதுன்னுதான் ஒவ்வொண்ணா எழுதுறோம்.

முதலில் அந்தக் கிளி. அடர்த்தியான கலர் எந்த பிரிண்டரிலும் நல்லா வரும். குறை தெரியுறது வெளிர் நிறங்களில்தான்: கன்னம், நெத்தி, வானம், வெள்ளை வேட்டியின் மடிப்பு நிழல். நாலு கலர் மெஷின் வெளிர் நிறத்தைக் காட்ட அடர் நீலம், அடர் மஜந்தா (ஊதா கலந்த சிவப்பு) புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைக்கும். அதுதான் முகத்தில் பொடியா தெரியுது. ஆறு கலர் மெஷினில், உதாரணமா எப்சன் எல்8050-இல், வெளிர் சயான் (அதாவது வெளிர் நீலம்), வெளிர் மஜந்தான்னு ரெண்டு இங்க் கூடுதலா இருக்கு. கேனான் ஜி570-இல் கூடுதல் ரெண்டும் சாம்பலும் சிவப்பும். எப்சன் எல்3250 மாதிரி நாலு கலர் மெஷின் பசங்க புராஜெக்டுக்கும் ஜெராக்ஸுக்கும் அருமையானது, ஆனா அதைப் போட்டோ பிரிண்டர்னு விக்கிறது ஏமாத்துதான். இன்னொண்ணு, பல ஆபீஸ் மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் இங்க், அதாவது கரையாத நிறத்துகள் மிதக்கிற மை. கிளாஸி பேப்பரில் அது ஒட்டாதுங்கிறதால மெஷின் மத்த மூணு கலரைக் கலந்து கறுப்பைக் காட்டும். முடி பழுப்பா வர்றது அதனாலதான்.

"5760 டிபிஐ சார்"னு அடிச்சு விடுவாங்க. அது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி, அதாவது புள்ளியை எவ்வளவு நெருக்கமா வைக்க முடியும்ங்கிற கணக்கு. உங்க படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் போதும். நாலுக்கு ஆறுக்கு அது 1200-க்கு 1800, ரெண்டு மெகாபிக்சல் சொச்சம். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை ஏ4-இல் போட்டுப் பார்த்து மெஷினைக் குத்தம் சொல்லவும் வேண்டாம். ஒரிஜினல் படத்தை டாக்குமெண்டா அனுப்பச் சொல்லி வாங்குங்க.

கடைக்குப் போகும்போது பென்டிரைவில் உங்க வீட்டுப் படம் ரெண்டு எடுத்துட்டுப் போங்க. ஒண்ணில் முகம் கிட்டக்கத் தெரியணும், இன்னொண்ணில் பட்டுப் புடவை ஜரிகையும் கறுப்பு முடியும் இருக்கணும். நீங்க வாங்கப் போற அதே மாடலில், வாங்கப் போற அதே பேப்பரில் போட்டுக் காட்டச் சொல்லுங்க. பேப்பர் டைப்பில் கிளாஸின்னு தேர்ந்தெடுத்திருக்கான்னு பக்கத்தில் நின்னு பாருங்க.

அடுத்தது பெட்டி. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. புது டேங்க் பிரிண்டரில் டேங்க் காலியா இருக்கும், இங்க் பாட்டில்கள் சீலோட தனியா இருக்கும். மூடியைத் தூக்கினால் டேங்கிலிருந்து ஹெட்டுக்கு (தாளில் இங்க்கைத் தெளிக்கிற பாகம்) போற மெல்லிய பிளாஸ்டிக் டியூப்கள் தெரியும். புது மெஷினில் அதில் நாலு கலர் கோடு ஓடாது. இங்க் ஊத்தின பிறகு மெஷின் தானே சில நிமிஷம் உறிஞ்சி டியூபை நிரப்பும், டேங்க் மட்டம் கண்ணுக்குத் தெரியுற அளவு இறங்கும். இது உங்க கண் முன்னாடி நடக்கணும். டியூபில் ஏற்கெனவே இங்க் நின்னால் அது ஓடின மெஷின். "செட் பண்ணிக் கொடுத்துட்டோம்"ங்கிற உபகாரமே இதை மறைக்கத்தான்.

பிறகு நாசில் செக், அதாவது இங்க் வர்ற நுண்துளைகள் அடைச்சிருக்கான்னு பார்க்கிற சோதனைத் தாள், போடச் சொல்லுங்க. படிக்கட்டு மாதிரி கோடுகள் வரும், எந்தக் கலரிலும் இடையில் அறுபடக் கூடாது. தாள் எண்ணிக்கையை டிரைவரின் (கம்ப்யூட்டரில் போடுற பிரிண்டர் சாஃப்ட்வேர்) மெயின்டனன்ஸ் பகுதியிலோ ஸ்டேட்டஸ் தாளிலோ பார்க்கலாம். பல டேங்க் பிரிண்டர்களுக்கு வாரண்டி "ஒரு வருஷம் அல்லது இத்தனை தாள், எது முந்துதோ அது" என்பதால் இந்த எண்ணிக்கை ரொம்ப முக்கியம். அந்தக் குடும்பத்தோட மெஷினில் விளக்கு மாறி மாறி மின்னினதுக்குக் காரணம், ஹெட் கிளீனிங்கில் வழியுற இங்க்கை உறிஞ்சுற பேட் நிறைஞ்சதா மெஷின் கணக்குப் போட்டதுதான். சில பேர் பேடை மாத்தாம சாஃப்ட்வேரில் கவுண்டரை மட்டும் ரீசெட் பண்ணி வித்துடுவாங்க. அப்புறம் அடியில் இங்க் ஒழுகும்.

பேப்பர் மோசடியைக் கண்டுபிடிக்க ஒரு தராசு போதும். நாலுக்கு ஆறு தாள் 20 எடுத்து, கவர் இல்லாம எடை போடுங்க. நிஜமா 270 ஜிஎஸ்எம்னா சுமார் 84 கிராம் வரும். 56 கிராம் காட்டினால் உள்ளே இருக்கிறது 180. பின்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. ஸ்டூடியோ பேப்பர் மாதிரி ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் உள்ள ஆர்சி பேப்பரில் தண்ணி முத்தா நிக்கும். மலிவான காஸ்ட் கோட்டட் பேப்பர் அதைக் குடிச்சிடும். அதில் போட்ட படம் காத்துப் பட்டால் சீக்கிரம் வெளுக்கும்.

கலர் லேசரைப் போட்டோவுக்குன்னு தள்ளினாலும் வாங்காதீங்க. இங்க்ஜெட் கிளாஸி பேப்பர் அதன் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கும். கேனான் செல்பி (Selphy) மாதிரி, இங்க் இல்லாம கலர் ரிப்பனைச் சூடாக்கிப் படம் போடுற சின்ன மெஷினில் ரிப்பனும் பேப்பரும் சேர்ந்த பாக்கெட்தான் போடணும். 108 படத்துக்கான பாக்கெட் சீலோட இருக்கான்னு பாருங்க. ஒருமுறை ஓடின ரிப்பனைத் திரும்பச் சுத்திக் கொடுத்தால் படம் வராது.

வாங்கின பிறகு பவர் பட்டனில்தான் அணைக்கணும். சுவிட்ச் போர்டில் பிடுங்கினால் ஹெட் மூடிக்குள்ள போகாம காஞ்சு அடைச்சுக்கும். வாரம் ஒரு கலர் படமாவது போடுங்க. நாசில் செக்கில் கோடு அறுந்தால் ரெண்டு மூணு தடவைக்கு மேல கிளீனிங் ஓட்டாம, ஒரு ராத்திரி அணைச்சு வச்சிட்டுப் பாருங்க.

எஸ்டிமேட் சீட்டு வாங்கிட்டுக் கிளம்பாதீங்க. ஜிஎஸ்டி எண்ணோட பில், அதில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதியிருக்கணும். பெட்டி, மெஷின் பின்பக்க ஸ்டிக்கர், பில் மூணிலும் நம்பர் ஒண்ணா இருக்கணும். ஏமாந்துட்டீங்கன்னா 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. அதில் தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் இல்லை. பில், நாசில் செக் தாள், சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த அறிக்கை, பேப்பர் பாக்கெட் எல்லாத்தையும் ஒரு கவரில் பத்திரமா வைங்க.