ரப்பரில் தெரியும் வயது: 1986 கோல்ஃப் ஜிடிஐயுடன் ஒன்பது ஆண்டுகள்

கார் என் கைக்கு வந்த நாளில் பெயின்ட் பளபளத்தது, கதவு கனமாக மூடியது, எஞ்சின் ஒரே சுழற்றலில் உயிர் பெற்றது. ஆனால் முதல் வளைவிலேயே மனம் சோர்ந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் ஒரு கணம் தயங்கியது. பிரேக் மிதித்தால் மூக்கு ஒரு பக்கம் இழுத்தது. கியர் லீவர் கஞ்சிக்குள் விட்ட கரண்டிபோல் அலைந்தது. இவ்வளவு புகழ்ந்து பேசப்படும் கார் இதுதானா என்று தோன்றியது.

அந்தப் புகழ் சும்மா வந்ததில்லை. ஃபோக்ஸ்வாகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐ 1975இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டபோது 5,000 கார்கள் மட்டும் செய்வதாகத்தான் திட்டம். அந்தத் தலைமுறை மட்டுமே நான்கரை லட்சத்துக்கு மேல் விற்றது. என்னுடையது இரண்டாம் தலைமுறை: 1,781 சிசி, எட்டு வால்வுகள், 112 குதிரைத்திறன். இன்று சாதாரணக் குடும்பக் காருக்கே இந்தச் சக்தி உண்டு. ஆனால் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. ஐந்து பேர் ஏறலாம், பின் இருக்கையை மடித்தால் அலமாரியையே ஏற்றலாம், வளைவான சாலை வந்தால் ஓட்டுபவருக்கு முகம் மலரும். ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான சிறிய ஹேட்ச்பேக் கார், என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒன்பது ஆண்டுகளில் நான் கற்றதைச் சுருக்கமாகச் சொன்னால், இந்தக் காரில் கிழடு தட்டியிருந்தது இரும்பு அல்ல, ரப்பர். எஞ்சினின் உலோக பாகங்கள் வியக்கத்தக்க அளவுக்கு நன்றாக இருந்தன. தொந்தரவு கொடுத்தவற்றில் பெரும்பாலானவை குழாய், புஷ் (உலோகப் பாகங்கள் இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை), வளையம், சீல், டயாஃப்ரம் என்னும் சவ்வு. முப்பது ஆண்டு தாண்டிய ரப்பர் இறுகுவதும் வெடிப்பதும் இயல்பு. அதற்காகச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதை எனக்கு உணர்த்தியது சூடான எஞ்சின் கிளம்ப மறுத்த சிக்கல்தான். காலையில் உடனே கிளம்பும். ஓட்டிவிட்டு நிறுத்தி இருபது நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். முந்தைய உரிமையாளரின் ரசீதுகளைப் புரட்டினால் பரிதாபமாக இருந்தது. ஸ்டார்ட்டர், பேட்டரி, பிளக், இக்னிஷன் காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்திருக்கிறார். அளந்து பார்த்ததற்கான ரசீது ஒன்றுகூட இல்லை.

இந்தக் காரில் இருப்பது எஞ்சினுக்கு எரிபொருளைத் தெளிக்கும், கே-ஜெட்ரானிக் என்னும் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். கணினி இல்லை. உள்ளே வரும் காற்று ஒரு வட்டத் தட்டைத் தூக்கும், தட்டோடு இணைந்த நெம்புகோல் எரிபொருளின் அளவைத் தீர்மானிக்கும், இன்ஜெக்டர்கள் இடைவிடாமல் தெளித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் அழுத்தத்தின் கணக்கு. எஞ்சின் ஓடும்போது அழுத்தம் சுமார் 5 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). நிறுத்திய பிறகும் அதில் ஒரு பகுதி குழாய்களில் தங்க வேண்டும். தங்காவிட்டால் எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும்.

அழுத்த மானியைப் பொருத்தி, எஞ்சினை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில நிமிடங்களிலேயே பூஜ்ஜியத்தில் போய்ப் படுத்தது. காரின் அடியில், பின்சக்கரத்துக்கு முன்னால், பம்ப்புக்கு அருகே உருளை வடிவில் அக்யுமுலேட்டர் இருக்கிறது. அழுத்தத்தைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதன் பின்முனையிலிருந்த சிறு குழாயை உருவினேன். உள்ளே டயாஃப்ரம் நன்றாக இருந்தால் அந்தத் துளை காய்ந்திருக்க வேண்டும். என் விரல் நனைந்தது, பெட்ரோல் நாற்றம் அடித்தது. கிழிந்த ஒரு சவ்வுக்காகத்தான் இத்தனை ரசீதுகள்! பாகத்தை மாற்ற அரை நாள் ஆனது. எரிபொருள் வேலை என்பதால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, அழுத்தத்தை இறக்கி, தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் தொட்டேன். அதோடு எரிபொருள் ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது. வாங்குபவர்கள் குழாயின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக்குறியை அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சூட்டில் கிளம்பியது. ஐடிலில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது, மட்டும் நடுக்கம் நிற்கவில்லை. இதற்கு ஒரு கருவியும் தேவைப்படாத பழைய சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க வேண்டும். அந்த வழியே தட்டைத் தொடாத காற்று நுழைவதால் ஆரோக்கியமான கே-ஜெட்ரானிக் உடனே தடுமாறும், சில சமயம் நின்றே போகும். என் கார் கவலையே படவில்லை. அப்படியானால் தட்டுக்குத் தெரியாமல் வேறெங்கோ காற்று ஏற்கெனவே நுழைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். தட்டுக்கும், காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள மடிப்புக் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். மேலே குற்றமில்லை. வளைத்துப் பிடித்தபோதுதான் அடிப்பக்க மடிப்பு ஒன்று மீனின் செவுள்போல் திறந்தது. இன்ஜெக்டர்களைப் பிடித்திருந்த ஓ-வளையங்களோ நகம் பட்டதும் பிளாஸ்டிக்போல் ஒடிந்தன. இரண்டையும் மாற்றிய பிறகு மூடியைத் திறந்தேன், எஞ்சின் தடுமாறியது. எஞ்சின் தடுமாறி நான் மகிழ்ந்தது அன்றுதான்.

அடுத்தது சஸ்பென்ஷன். முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் கைகளின் புஷ்கள், ஷாக் அப்சார்பர் மேல் தாங்கிகள், பின் அச்சின் இரு பெரிய புஷ்கள் எல்லாமே போயிருந்தன. பலர் பாலியூரித்தேன் புஷ் போடச் சொன்னார்கள். நான் ரப்பரையே போட்டேன், இன்றும் அதுவே சரி என்பேன். பின் அச்சின் புஷ்கள் வெறும் மெத்தைகள் அல்ல, வளைவில் சக்கரங்களின் திசையைச் சற்றே திருத்தும் விதத்தில் வடிவமைக்கப்பட்டவை. கடினமான பொருளைத் திணித்தால் அந்த நுட்பம் கெடும்.

கற்ற பாடம் ஒன்று உண்டு. ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் கார் ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. சக்கரங்கள் தரையில் நிற்கும் உயரத்தில்தான் இறுதியாக இறுக்க வேண்டும். இல்லையென்றால் கார் இறங்கியதும் புஷ் முறுக்கேறியே நிற்கும், விரைவில் கிழியும். முதல் முறை இது தெரியாமல் தொங்கவிட்டே இறுக்கினேன். ஒரே ஆண்டில் ஒரு பக்கம் கிழிந்தது. இரண்டாவது முறை போட்டவை ஏழு ஆண்டுகளாக நிற்கின்றன.

அந்த வேலை முடிந்து, வீல் அலைன்மென்ட் பார்த்து, பழக்கமான வளைவுக்குப் போனேன். தயக்கம் போயிருந்தது. வேகமாகத் திரும்பும்போது உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டுச் சற்று எழும்புவது இந்தக் காரின் குணம். அது எழும்புவதைப் பின்னால் வந்த நண்பர் படம் பிடித்து அனுப்பினார்.

துருவைச் சொல்லாமல் விட முடியாது, அதற்கும் வேர் ஒரு சீல்தான். முன்கம்பளம் ஈரமாகவே இருந்தது. கதவுப் பலகையைக் கழற்றினால், உள்ளே நீரைத் தடுக்கும் சீலாக ஒட்டியிருந்த தாள் பசை விட்டுத் தொங்கியது. கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர் கீழே உள்ள துளைகளில் வடிய வேண்டும். அது இங்கே அறைக்குள் வந்தது. வடிகால் துளைகளிலும் மண் அடைத்திருந்தது. கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டியெடுத்து, புதுத் தகடு வெல்டிங் செய்து, உள்ளே மெழுகு தெளித்தேன். அந்தக் கதவுச் சீலை மாற்றாமல் தகட்டை மட்டும் மாற்றியிருந்தால் இதே வேலை மீண்டும் வந்திருக்கும்.

மற்றவை வழக்கமானவை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறேன். டயரில் பட்டன் தேய்வதற்கு முன்பே வயது போய்விடுகிறது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பின்சக்கரப் பிரேக்கை அழுத்தும் கேலிபரின் கைப்பிரேக் நெம்புகோல் ஓட்டாமல் வைத்தால் இறுகிக்கொள்கிறது. எனவே வாரம் ஒரு முறையாவது, எஞ்சின் ஆயில் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுகிறேன்.

எந்த ரப்பரை என்று மாற்றினேன் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன். போன மாதம் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அதில் குறித்திருந்த மடிப்புக் குழாயை வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தேன். அடிப்பக்க மடிப்பில் முடிபோல் மெல்லிய கோடு தெரிந்தது. மாற்றுக் குழாய் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போடப்போகிறேன்.