காது கேளாத பிள்ளைகளுக்கான ஆரம்பப் பயிற்சி: மதுரையில் நாங்கள் போகும் மையம் எப்படி?

சோழவந்தானிலிருந்து மதுரைக்கு என் மகளைப் பயிற்சிக்கு அழைத்துப் போய் வருகிறேன். அவளுக்கு இப்போது 3 வயது. பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறாள். அரசு உதவியோடு ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் மையம் இது. கட்டணம் கிடையாது. 6 வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள்.

இங்கே பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிட முடியாது. அம்மாவோ அப்பத்தாவோ கூடவே உட்கார வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு எப்படி உட்கார்வது என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். நியாயமான வருத்தம்தான். ஆனாலும் நான் இந்த மையத்தைச் சிபாரிசு செய்வதே இதற்காகத்தான். பிள்ளை அங்கே இருப்பது சில மணி நேரம், மிச்ச நேரமெல்லாம் நம்மோடு. வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று பெற்றவர்களுக்குச் சொல்லித் தராவிட்டால் பிள்ளைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? சென்னையில் 1969 முதல் நடக்கும், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியான பால வித்யாலயாவிலும் அம்மாக்களைக் கூட வைத்துத்தான் சொல்லித் தருகிறார்கள்.

காலையில் போனதும் ஆறு ஒலிச் சோதனை. ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லித் தரும் நிபுணரான டேனியல் லிங் என்பவர் கொண்டுவந்தது. பேச்சில் வரும் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். டீச்சர் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்டால் கையில் இருக்கும் பாசிமணியை டப்பாவில் போட வேண்டும். போன சித்திரையில் ஒரு நாள் ஊ, ம் இரண்டுக்கும் டக்கென்று போட்டவள், ஷ், ஸ் வந்தபோது மணியைக் கன்னத்தில் வைத்தபடியே காத்திருந்தாள். டீச்சர் அவளை அதட்டவில்லை. மெஷினைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காது அச்சின் (காதுக்குள் பொருந்த அளவெடுத்துச் செய்யும் மெஷினின் பகுதி) குழாயில் ஈரம் கோத்திருந்தது. ஊதித் தள்ளிவிட்டு மாட்டி, மறுபடி 'ஸ்' என்றார். மணி டப்பாவில் விழுந்தது. மதுரை வெயிலுக்கு இது அடிக்கடி நடக்கும். ராத்திரி மெஷினை, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லித் தந்ததும் அவர்தான்.

அப்புறம் அனுபவ நோட்டு. வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை வரைந்தோ, ஒட்டியோ கொண்டுபோக வேண்டும். ஒரு தடவை வெற்றிலையை ஒட்டி, "அப்பத்தா வெத்தலை போட்டாங்க, வாய் சிவந்துபோச்சு" என்று எழுதிக் கொண்டுபோனேன். "யாரு பாப்பா, யார் வாய் சிவந்துச்சு?" என்று கேட்டுவிட்டு டீச்சர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பதிலை எடுத்துக் கொடுக்க வாய் துடித்தது. ரொம்ப நேரம் கழித்து "அத்தா" என்றாள். டீச்சர் உடனே, "ஆமா, அப்பத்தா வாய்தான் சிவந்துச்சு" என்று முழுசாகச் சொல்லிக் காட்டினார். ஒற்றைச் சொல்லைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்ல வைக்கிற வேலை இங்கே இல்லை.

குறைகளும் உண்டு. பிள்ளையின் காது வளர வளர அச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் கீச்சென்று விசில் அடிக்கும். அச்சு செய்யும் வசதி மையத்தில் இல்லை. வெளியே கொடுத்தால் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகிறது. இன்னொன்று, சைகை மொழி சொல்லித் தருவதில்லை. மெஷின் போட்டும் பேச்சு பிடிபடாத பிள்ளைகளை அங்கேயே பார்க்கிறேன். ஒரு மொழியும் இல்லாமல் அந்தப் பிள்ளைகளின் வயது ஓடுவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. சைகையும் பேச்சும் சேர்ந்தே தரலாம் என்று கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.

"அவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று பெரியவர்கள் சொன்னால் காத்திருக்காதீர்கள். பிறந்த 1 மாதத்துக்குள் காது பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை இருக்கிறதா என்று உறுதி, 6 மாதத்துக்குள் மெஷினும் பயிற்சியும் என்பதுதான் கணக்கு. காக்ளியர் ஆபரேஷன் (உள்காதில் கேட்கும் கருவியைப் பொருத்துவது) தேவைப்பட்டால் 6 வயதுக்குள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகும் பயிற்சி வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைச் சீக்கிரம் வாங்கிவிடுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை.