பத்து ஜாதிகளுக்கும் ஒரே சிவப்பு: 83ஆம் சங்கீத வரைபடத் தொகுப்பு

எங்கள் சபையின் ஓய்வுநாள் பாடசாலையில் மூத்த வகுப்புக்குப் பாடம் எடுப்பதற்காக, பண்டைய இஸ்ரவேலின் சத்துரு ஜாதிகளைக் காட்டும் சுவர் வரைபடமும், அவர்களிடமிருந்து காக்கும்படி ஏறெடுக்கப்பட்ட ஜெபங்களை விளக்கும் 48 பக்கக் கையேடும் சேர்ந்த தொகுப்பு ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். இதே வகைத் தொகுப்புகள் பல கடைகளில் கிடைப்பதால், வாங்குவோர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்; பதிப்பகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

அச்சும் லேமினேஷனும் நன்றாகவே உள்ளன. கடைசி பெஞ்சிலிருந்தும் எழுத்துகளைப் படிக்க முடிகிறது.

வரைபடத்துக்கு வேதாகமத்தின் 83ஆம் சங்கீதமே அடிப்படை. ஆலயப் பாடகனான ஆசாபின் பெயரைத் தாங்கிய அந்தச் சங்கீதம் ஏதோமியர், இஸ்மவேலர், மோவாபியர், ஆகாரியர், கேபாலர், அம்மோனியர், அமலேக்கியர், பெலிஸ்தர், தீருவின் குடிகள், அசீரியர் ஆகிய பத்துக் கூட்டத்தாரை அடுக்கிச் சொல்கிறது. வரைபடம் இந்தப் பத்துப் பேருக்கும் ஒரே சிவப்பைப் பூசி, சுற்றிலும் தடித்த எல்லைக்கோடு போட்டிருக்கிறது. கூடாரங்களோடு இடம் பெயர்ந்துகொண்டிருந்த இஸ்மவேலருக்கும் அமலேக்கியருக்கும் எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது? கேபாலை லெபனான் கடற்கரையிலுள்ள பிப்லோஸ் என்று தயக்கமின்றிக் குறித்திருக்கிறார்கள். பிப்லோஸுக்கு அந்தப் பெயர் உண்டு என்பது உண்மைதான். ஆனால் சங்கீதத்தில் கேபாலர் ஆகாரியருக்கும் அம்மோனியருக்கும் நடுவே வருவதால், சவக்கடலுக்குத் தெற்கே ஏதோமை ஒட்டிய பகுதியே பொருத்தமானது என்று கருதுவோரும் இருக்கிறார்கள். அங்கே ஒரு கேள்விக்குறியாவது போட்டிருக்கலாம்.

ஒரே சிவப்பு என்பதில் எனக்குள்ள பெரிய வருத்தம் வேறு. ஏதோமியர், இஸ்ரவேல் என்னப்பட்ட யாக்கோபின் அண்ணன் ஏசாவின் வம்சம். மோவாபியரும் அம்மோனியரும் முற்பிதா ஆபிரகாமின் சகோதரன் மகனான லோத்தின் பிள்ளைகள். இஸ்மவேலன் ஆபிரகாமின் மகன். சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடிய நாள்களில் தாவீது தன் தாய் தகப்பனை ஒப்படைத்தது மோவாபின் ராஜாவிடம். தாவீதின் கொள்ளுப்பாட்டி ரூத்தும் மோவாபியப் பெண்தான். தீருவின் ராஜா ஈராம், சாலொமோனின் ஆலயத்துக்குக் கேதுரு மரம் அனுப்பியவன். இவர்களே கூடி வருகிறார்கள் என்று கதறும் ஜெபத்தின் வலி, பங்காளிச் சண்டையைப் பார்த்தவர்களுக்குப் புரியும். சிவப்புப் பட்டையைப் பார்ப்பவர்களுக்குப் புரியாது.

கையேடு வரைபடத்தைவிடப் பல மடங்கு மேல். 1868இல் யோர்தான் நாட்டின் திபானில் வெளியுலகின் கவனத்துக்கு வந்து, இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மேசாவின் கல்வெட்டுக்கு முழுதாக நான்கு பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். மோவாபின் ராஜாவான மேசா, கேமோஷ் தெய்வம் தன் தேசத்தின்மேல் கோபமாக இருந்ததால்தான் இஸ்ரவேலின் ராஜா உம்ரி மோவாபை நெடுநாள் ஒடுக்கினான் என்றும், பின்பு அதே கேமோஷ் தன்னை எல்லா ராஜாக்களிடமிருந்தும் காத்தது என்றும் அதில் சொல்கிறான். பெயர்களை மாற்றிவிட்டால் நியாயாதிபதிகள் புத்தகத்தை வாசிப்பது போலவே இருக்கும். "அப்படியானால் அவர்களும் ஜெபித்தார்களா, அக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள், அன்றைய வகுப்பு அந்தக் கேள்வியிலேயே கழிந்தது.

யூதாவின் ராஜா எசேக்கியாவைப் பற்றிய பகுதி பாதி சரி. கி.மு. 701இல் அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்ததையும், எசேக்கியா அவனுடைய மிரட்டல் கடிதத்தை ஆலயத்தில் கர்த்தருக்கு முன்பாக விரித்து ஜெபித்ததையும் சொல்லி, யூதாவின் 46 அரணிப்பான பட்டணங்களைப் பிடித்து எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்ததாகச் சனகெரிப் பொறித்துவைத்த கல்வெட்டையும் அருகிலேயே தந்திருக்கிறார்கள். அவன் எருசலேமைப் பிடித்ததாகச் சொல்லவில்லை என்பதையும் சுட்டியிருக்கிறார்கள். ஆனால் எசேக்கியா முதலில் கப்பம் கட்டினான் என்பதை ஏன் விட்டார்கள்? 300 தாலந்து (பழைய எடை அளவு) வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் சுமத்தப்பட்டதாக 2 இராஜாக்கள் 18 சொல்கிறது. அசீரியக் கல்வெட்டு வெள்ளியை 800 என்று கூட்டினாலும், பொன் 30 என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆலயக் கதவுகளின் பொன்தகட்டையும் கழற்றிக் கொடுத்து, அதுவும் உதவாமல் போன பிறகு ஏறெடுத்த ஜெபம் அது.

யூதாவின் இன்னொரு ராஜாவான யோசபாத்தின் ஜெபத்தைத் தொடர்ந்து தீர்க்கதரிசனம் சொல்ல எழும்பிய யகாசியேல் ஆசாபின் வம்சத்தான் என்பதைக் காட்டியது நல்ல கவனிப்பு. அதை வைத்து 83ஆம் சங்கீதம் அன்றே பிறந்தது என்று முடிவுகட்டியது அவசரம். 2 நாளாகமம் 20இல் மோவாபியரும் அம்மோனியரும் சேயீர் மலையாரும் (ஏதோமியர்) வருகிறார்களே தவிர, பெலிஸ்தரோ தீருவோ அசீரியரோ இல்லை.

கடைசி நான்கு பக்கங்கள் பத்துப் பெயர்களுக்கும் இன்றைய நாடுகளைப் பொருத்தி, நாளைய யுத்தத்தை முன்னறிவிக்கின்றன. சத்துருக்கள் கர்த்தருடைய நாமத்தைத் தேடும்படியாக அவர்கள் முகங்களை அவமானத்தால் மூடும் என்று வேண்டும் 16ஆம் வசனத்துக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. கையேட்டுக்காகவே 650 ரூபாய் கொடுக்கலாம். நான் அந்த நான்கு பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவிட்டுத்தான் வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன்.